ஓவியத்தின் மூலையில் எந்தப் பெயரை எழுதுவது?

சாம்பல்நீலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி பார்க்கச் சின்னதுதான். ஆனால் இனியும் தள்ளிப்போட முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

நானும் என் கணவரும் ஓவியர்கள். எனக்கு முன்பே பெயர் வாங்கியவர் அவர். அவர் படங்களைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வரைந்த எல்லாப் படங்களிலும் கீழே வலது மூலையில் குடும்பப் பெயரை மட்டும் எழுதி வருகிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. பெயர் குட்டையானது, மெல்லிய பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. அவரும் அதே பெயரைத்தான் எழுதுகிறார். அவர் எழுத்து வலப்பக்கம் சாயும், என்னுடையது நேராக நிற்கும். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்லை.

சமீபத்தில் ஒரு குழுக் கண்காட்சியில் இருவர் படங்களும் இருந்தன. என்னுடையதில் ஒன்று, ஜன்னலில் ஈரத் துணி உலர்த்தும் பெண். துணியின் நிழலைச் சாம்பலாகத் தீட்டாமல் பச்சையிலேயே கொண்டுவர வேண்டும் என்று நீண்ட நாள் மல்லுக்கட்டிய படம். அதன் முன் வெகுநேரம் நின்ற ஒருவர் நேரே என் கணவரிடம் போய்க் கைகுலுக்கி, "வெள்ளைத் துணியில் இவ்வளவு பச்சை இருக்கிறது என்று உங்களுக்குத்தான் சார் தோன்றும்" என்றார். இவர் உடனே என்னைக் காட்டினார். வந்தவர் அசரவில்லை. "ஓ, வீட்டிலேயே பயிற்சியா!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்போது எனக்கென்று தனியாக ஒரு கண்காட்சி அமைந்திருக்கிறது. அழைப்பிதழில் என்ன பெயர் போடுவது என்று கேட்கிறார்கள். பிறந்த வீட்டுப் பெயரா, இரண்டையும் சேர்த்தா, வெறும் முதலெழுத்துகளா? ஏற்பாட்டாளர்களில் ஒருவர் மூன்றாவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார். பெண் என்று தெரியாவிட்டால் ஆட்கள் படத்தை மட்டும் பார்ப்பார்களாம்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். முன்னால் வரைந்துவிட்டுப் போன பெண்கள் இந்த மூலையில் என்ன எழுதினார்கள், அதனால் அவர்களுக்கு நன்மை நடந்ததா கெடுதல் நடந்ததா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய வார்னிஷ் எழுதியது:

நான் வரைகிறவள் இல்லை. பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் தொழில். படம் மேஜைக்கு வந்ததும் அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடிப்போம். பழைய வார்னிஷ் மங்கலான பச்சையாக ஒளிரும். அதற்கு மேல் பிற்காலத்தில் வேறு கை தொட்ட இடமெல்லாம் கறுப்புத் திட்டாகத் தெரியும். கையெழுத்தே கறுப்பாகத் தெரிந்தால் சரி, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படி மூலைகளைப் பார்த்தே வயதானவள் என்பதால் உங்கள் கேள்வி எனக்குச் சின்னதாகப் படவில்லை.

முதலில் யூடித் லெய்ஸ்டர் கதை. நெதர்லாந்தில் ஹார்லெம் நகரம், 17ஆம் நூற்றாண்டு. ஓவியர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால் அங்கே பட்டறை நடத்த முடியாது. லெய்ஸ்டர் 1633இல் உறுப்பினர் ஆனார், ஆண் பிள்ளைகளை மாணவர்களாக எடுத்துக்கொண்டார். ஒரு மாணவன் வந்த வேகத்தில் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குத் தாவிவிட்டான். ஹால்ஸ் அந்த ஊரின் பெரிய தலை. லெய்ஸ்டர் சும்மா விடவில்லை, சங்கத்தில் புகார் கொடுத்தார். மாணவனின் தாயார் அவர் கேட்டதில் பாதிதான் கொடுத்தார். ஹால்ஸ் மூன்று கில்டர் (அந்நாள் டச்சு நாணயம்) அபராதம் கட்டிவிட்டுப் பையனைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மாணவனை முறையாகப் பதிவு செய்யவில்லை என்று லெய்ஸ்டருக்கும் ஒரு அபராதம்! எனக்கு அவரை ரொம்பப் பிடிப்பதற்கு இந்தப் புகார் ஒன்றே போதும்.

அவர் கையெழுத்து எப்படி இருக்கும் தெரியுமா? பெயரின் முதலெழுத்துகளான ஜே, எல் இரண்டையும் பின்னி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். முழுப்பெயர் இல்லை. 1636இல் யான் மீன்சே மோலெனார் என்ற ஓவியரைக் கல்யாணம் செய்தார். அதற்குப் பிறகு அவர் கையெழுத்தோடு கிடைப்பவை மிகச் சில. 1660இல் லெய்ஸ்டர் இறந்தார். பின்னால் மோலெனாரும் போன பிறகு எடுத்த சொத்துப் பட்டியலில் இவர் படங்களுக்கு எதிரே அவர் பெயர் இல்லை, மோலெனாரின் மனைவி வரைந்தது என்றுதான் இருக்கிறது. படங்கள் மெல்ல மெல்ல ஹால்ஸ் கணக்கில் சேர்ந்தன. 1893இல்தான் ஹாஃப்ஸ்டெடே டி க்ரூட் என்ற கலை வரலாற்றாசிரியர், ஹால்ஸ் வரைந்ததாக விற்ற ஒரு படத்தில் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்போது நடந்ததைக் கவனியுங்கள். புதிதாக ஒரு நல்ல ஓவியர் கிடைத்துவிட்டார் என்று யாரும் கொண்டாடவில்லை. வாங்கியவர்கள் விற்றவர் மேல் வழக்குப் போட்டார்கள். சமரசமாகிக் கொஞ்சம் பணம் திரும்பியது. முந்தின நாள் வரை எல்லோரும் மெச்சிய அதே படம்தான், ஒரு தீற்றல்கூட மாறவில்லை. பெண் பெயர் தெரிந்ததும் விலை இறங்கிவிட்டது.

உங்கள் ஏற்பாட்டாளர் இதைக் கேட்டால், பார்த்தீர்களா, அதனால்தான் பெயரை மறைக்கச் சொன்னேன் என்பார். நான் நேர் எதிராகப் படிக்கிறேன். வெறும் முதலெழுத்து என்பது காலி நாற்காலி, யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். லெய்ஸ்டர் அந்த நட்சத்திரத்தையும் போடாமல் விட்டிருந்தால் இன்றைக்கு அவரைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்தது உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். மார்கரெட் கீன், அமெரிக்கா, 1950களும் 60களும். பெரிய பெரிய கண்களோடு குழந்தைகளை வரைந்தவர். மூலையில் 'கீன்' என்று மட்டும் எழுதுவார். கணவர் வால்டரும் கீன்தானே? அவர் எல்லாப் படங்களையும் தான் வரைந்ததாகச் சொல்லி விற்றார், தொலைக்காட்சியில் பேட்டியெல்லாம் கொடுத்தார். மார்கரெட் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். விவாகரத்துக்குப் பிறகு 1970இல்தான் உண்மையை வெளியே சொன்னார். 1986இல் ஹோனலூலு நீதிமன்றத்தில் நீதிபதி இருவரையும் அங்கேயே வரையச் சொன்னார். வால்டர் தோள் வலிக்கிறது என்றார். மார்கரெட் 53 நிமிடத்தில் ஒரு படத்தை முடித்துவைத்தார்.

உங்கள் கணவர் நல்லவர், உடனே உங்களைக் காட்டியவர். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூலையைப் படிக்கப் போகிறவர்கள் உங்கள் இருவரையும் பார்த்திருக்கப் போவதில்லை. குடும்பப் பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இத்தாலியில் சோஃபோனிஸ்பா ஆங்விசோலா 1554இல் தன்னையே வரைந்தபோது, கையிலிருக்கும் குட்டிப் புத்தகத்தில் கன்னி சோஃபோனிஸ்பா தன்னைத் தானே தீட்டியது என்று எழுதிவைத்தார். லவீனியா ஃபொன்டானா 1577இல், கல்யாணம் நிச்சயமான சமயத்தில், இசைக்கருவி முன் உட்கார்ந்த தன் படத்தில் ப்ரோஸ்பெரோ ஃபொன்டானாவின் மகள், கன்னி லவீனியா என்று எழுதினார். அந்தப் படம் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியது. கல்யாணமானதும் பல படங்களில் சாப்பி என்ற கணவர் பெயரும் சேர்ந்துகொண்டது. கையெழுத்திலேயே யார் மகள், கல்யாணம் ஆனதா இல்லையா என்பதெல்லாம் வந்துவிடுகிறது. ஆண் ஓவியர் யாரும் தன் மூலையில் பிரம்மச்சாரி என்று எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, லவீனியாவின் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடந்தது. 11 பிள்ளைகள். கணவர் அவருக்கு உதவியாளராக இருந்தார். மூலையில் கணவர் பெயர் இருந்ததால் மட்டும் ஒருத்தி அடங்கிப்போனவள் என்று முடிவுகட்ட முடியாது.

பிறகு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி. 1612இல் கல்யாணம் ஆகி ஃப்ளோரன்ஸுக்குப் போனவர். கணவர் ஸ்டியாட்டெஸி பெயரை வைத்துக்கொள்ளவில்லை. அங்கே மதிப்பிருந்த தன் தந்தைவழிக் குடும்பப் பெயரான லோமியை எடுத்துக்கொண்டார். உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் யூடித் (பைபிள் கதையில் வரும் பெண்) படத்தில், எதிரிப் படைத்தலைவன் ஹோலோஃபெர்னஸின் கழுத்தை அறுக்கிற வாளின் அலகிலேயே எழுதியிருக்கிறார்: நான் ஆர்ட்டெமீசியா லோமி செய்தேன் என்று. மூலையெல்லாம் கிடையாது, நேரே வாளின் மேல். ஒரு பெயரோடு நிற்காமல் சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார், ஆனால் ஒருமுறைகூடத் தன்னைக் கணவரின் பெயருக்குள் ஒளித்துவைக்கவில்லை.

---

கரித்தூள் எழுதியது:

வார்னிஷ் அக்கா அருமையாகச் சொன்னார். இருந்தாலும் எனக்கு இந்த விவாதமே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. பெயர் கடைசியில் வருவது. வரைய விட்டார்களா என்பது முதல் கேள்வி.

மனித உடலைப் பார்த்து வரையத் தெரியாமல் வரலாற்று ஓவியம், புராண ஓவியம் எதையும் தொட முடியாத காலம் இருந்தது. அந்த வகுப்பில்தான் பெண்களை விடவில்லை. லண்டனின் ஓவியர் அமைப்பான ராயல் அகாதமி 1768இல் தொடங்கியபோது அதை நிறுவிய உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் உண்டு: ஆங்கெலிகா காஃப்மன், மேரி மோசர். ஸோஃபனி என்ற ஓவியர் அகாதமி உறுப்பினர்களைக் கூட்டமாக வரைந்தார். நடுவில் ஆடையில்லாத ஆண் மாடல் இருப்பதால் இந்த இருவரை மட்டும் அறைக்குள் நிறுத்தாமல், சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக வரைந்து வைத்தார்! உறுப்பினர்தான், பெயரும் இருக்கிறது, ஆனால் ஆள் சுவரில்.

அதற்குப் பிறகு முழு உறுப்பினராக ஒரு பெண் வர 1936 ஆயிற்று. லாரா நைட். அவரும் நாட்டிங்ஹாமில் படித்தபோது நிர்வாண மாடல் வகுப்புக்குள் போக முடியாமல் பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்தே வரைந்தவர். 1913இல் பதில் கொடுத்தார். ஆடையில்லாமல் நிற்கும் தோழி, அவளை வரைந்துகொண்டிருக்கும் நைட், கேன்வாஸில் அதே உருவம். நைட் நமக்கு முதுகைக் காட்டி, தொப்பியோடு சிவப்பு மேலாடையில் நிற்கிறார். எனக்குச் செய்யக் கூடாது என்றீர்களே, இதோ செய்துகொண்டிருக்கிறேன் என்கிற முதுகு அது. அகாதமி அந்தப் படத்தை மாட்ட மறுத்துவிட்டது.

பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர் குதிரைச் சந்தையில் நின்று வரையக் கால்சட்டை போட்டுக்கொண்டார். அதற்குப் பாரிஸ் காவல்துறையின் அனுமதி வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1857ஆம் ஆண்டுச் சீட்டு இன்னும் இருக்கிறது.

அமெரிக்க ஓவியர் லீ க்ராஸ்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கணவர், ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கிடம் பெரிய கொட்டகை இருந்தது. இவர் மாடிப் படுக்கையறையில், மேஜைமேல் வைத்து வரையும் அளவுப் படங்கள் செய்தார். பொல்லாக் 1956இல் கார் விபத்தில் இறந்தார். க்ராஸ்னர் கொட்டகைக்கு மாறினார். 1957இல் ஐந்து மீட்டருக்கு மேல் அகலமான படம் வந்தது! கையெழுத்து மாறியதாலா வந்தது? சுவர் கிடைத்ததால் வந்தது.

சாம்பல்நீலம், உங்கள் வீட்டில் பெரிய வெளிச்சம் வருகிற அறையில் யார் வரைகிறார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

லினோவெட்டி எழுதியது:

கரித்தூளின் கேள்வி கொஞ்சம் காரம், ஆனால் நியாயம்.

மூலையை விட்டு வெளியே யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் ஹொகுசாய் என்ற புகழ்பெற்ற ஓவியரின் மகள் ஓய். அப்பாவின் கடைசிக் காலத்தில் கூடவே இருந்து வேலை செய்தவர், அவர் கை எங்கே முடிகிறது இவர் கை எங்கே தொடங்குகிறது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். யோஷிவாரா என்ற விலைமாதர் பகுதியின் இரவைக் காட்டும் படம் ஒன்று உண்டு. மரக் கம்பிகளுக்கு உள்ளே விளக்கொளியில் பெண்கள், வெளியே இருட்டில் வேடிக்கை பார்ப்பவர்கள் நிழலாக. இருட்டில் நிற்பவர்கள் கையில் லாந்தர்கள். அவற்றில் மூன்றின் மேல் ஆளுக்கு ஒரு எழுத்தாக, ஓய் என்ற பெயரின் இரண்டு எழுத்தும் எய் என்ற சொந்தப் பெயரின் எழுத்தும் ஒளிந்திருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே பெயரை வைத்துவிட்டார், என்ன துணிச்சல் பாருங்கள்!

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் படத்தின் முன்பக்கத்தில் அநேகமாகக் கையெழுத்தே போடமாட்டார். பின்னால் ஒரு நட்சத்திரம், அதற்குள் ஓ, கே. கல்யாணத்துக்குப் பிறகும் ஓகீஃப்தான். கணவர் ஸ்டீக்லிட்ஸ் புகைப்படக் கலைஞர், அந்தக் காலத்தில் அவரைவிடப் பிரபலம்.

மறைந்துகொள்வதும் சிலருக்குப் பிடித்த வழிதான். அமெரிக்க ஓவியர் கிரேஸ் ஹார்ட்டிகன் ஆரம்பத்தில் ஜார்ஜ் என்ற ஆண் பெயரில் காட்சி வைத்தார், பிறகு கிரேஸுக்குத் திரும்பினார். 1985இல் நியூயார்க்கில் தொடங்கிய கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழுவினர் கொரில்லா முகமூடி மாட்டிக்கொண்டு, இறந்துபோன பெண் கலைஞர்களின் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். 1989 சுவரொட்டியில் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் நவீன கலைப் பிரிவுக் கணக்கை எடுத்துப் போட்டார்கள்: கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் கீழே, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண் உடல்கள். ஆனால் அது அவர்களாக எடுத்த முகமூடி. உங்கள் ஏற்பாட்டாளர் எடுத்து நீட்டுகிற முகமூடி வேறு.

---

பழைய வார்னிஷ் எழுதியது:

கரித்தூள், அறை வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அறை கிடைத்தும் பெயர் ஒட்டாமல் போனவர்களின் படங்கள்தான் என் மேஜைக்கு வருகின்றன. நெப்போலியன் காலத்துப் படம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது, ஜன்னலோரம் உட்கார்ந்து வரையும் இளம்பெண். 1917இல் அது ஜாக் லூயி டேவிட் என்ற பெரிய பிரெஞ்சு ஓவியரின் படமாக வந்தது. டேவிட் இல்லை, பெண் கை என்று 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பேச்சு கிளம்பியதும், அதுவரை தெரியாத பலவீனங்களெல்லாம் விமர்சகர்களுக்குத் தெரிய ஆரம்பித்தன. இப்போது மரீ டெனீஸ் வில்லெர் பெயர் போட்டிருக்கிறது. வெளிச்சம், அறை, திறமை எல்லாம் இருந்த பெண்தான் அவர்.

இன்னொருவரைச் சொல்லாமல் விட மனசில்லை. பாவ்லா மோடர்சோன் பெக்கர், ஜெர்மனி. அவர் கணவரும் ஓவியர். 1906 பிப்ரவரியில் வீட்டை விட்டுப் பாரிஸுக்குப் போகும்போது கவிஞர் ரில்கேவுக்குக் கடிதம் எழுதினார். எப்படிக் கையெழுத்திடுவது என்றே தெரியவில்லை, நான் இப்போது மோடர்சோனும் இல்லை, பழைய பெக்கரும் இல்லை, நான் நான்தான், போகப் போக இன்னும் அப்படி ஆவேன் என்கிற பொருளில் எழுதியிருந்தார். அதே ஆண்டு மே மாதம், கல்யாண நாளன்று, இடுப்புவரை ஆடையில்லாமல் தன்னைத் தானே வரைந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், மகள் பிறந்த சில வாரங்களில் போய்விட்டார். 31 வயது. அவர் உயிரோடு இருந்தபோது விற்ற படங்கள் மிகச் சில. 1927இல் ப்ரேமன் நகரில் அவருக்கென்றே மியூசியம் திறந்தார்கள், இரண்டு பெயரையும் சேர்த்துத்தான்.

அதனால் பிறந்த வீட்டுப் பெயரா, சேர்த்தா என்பதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். உங்கள் சொந்தப் பெயர் முழுதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி தொழில்காரியாகச் சிலது:

கையெழுத்தைப் படத்தின் வண்ணத்திலேயே, வார்னிஷுக்கு முன்னால் போடுங்கள். வார்னிஷ் மேல் எழுதியது, என்றைக்காவது யாராவது அழுக்கான வார்னிஷைக் கரைக்கும்போது பஞ்சோடு வந்துவிடும். பின்பக்கம் கேன்வாஸில் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறி முன்பக்கம் தலைகாட்டும். மரச்சட்டத்தில் பென்சிலால் எழுதலாம்: பெயர், தலைப்பு, ஆண்டு. ஏற்கனவே விற்றுப்போன படங்களைத் தேடிப் போய்த் திருத்த வேண்டாம். வரைந்த எல்லாவற்றையும் புகைப்படத்தோடு, அளவோடு, தேதியோடு ஒரு பட்டியலாக்கி இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். உங்கள் எழுத்து நேர், அவர் எழுத்து சாய்வு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பிற்காலத்தில் என்னைப் போல ஒருத்திக்கு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாது.

---

சாம்பல்நீலம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரித்தூள், கிழக்கு ஜன்னல் அறை அவருடையது. நான் நடைவழியில் வரைகிறேன், பெரிய கேன்வாஸை நிறுத்தினால் கதவு திறக்காது. நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்காட்சி முடிகிற வரை அறையை மாற்றிக்கொள்வோம் என்றார். கண்காட்சிக்குப் பிறகு என்ன என்று நான் கேட்டேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அழைப்பிதழுக்கு என் சொந்தப் பெயரோடு பிறந்த வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஏற்பாட்டாளருக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை.

வார்னிஷ் அக்கா, ஒரு சந்தேகம். கண்காட்சிக்குப் போகிற படங்களில் சிலவற்றில் பழைய கையெழுத்து இருக்கிறது, இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதவா?

---

பழைய வார்னிஷ் எழுதியது:

சுரண்டாதீர்கள், அடியில் இருக்கும் வண்ணமும் சேர்ந்து வரும். மேலே தீட்டியும் மறைக்காதீர்கள், நாளைக்கு என் விளக்கில் அது தில்லுமுல்லு மாதிரி தெரியும். பழையது இருக்கட்டும். பக்கத்தில் உங்கள் முழுப்பெயரையும் இன்றைய ஆண்டையும் சேர்த்து எழுதி, பட்டியலில் அதைக் குறித்துவையுங்கள். எண்ணெய் வண்ணம் என்றால் எழுத்து நன்றாகக் காயட்டும், அப்புறம் வார்னிஷ்.